கால் பிடிக்கிறவன்

தலையும் வலக்கையும் மியோட்ராகுக்கு.
இடக்கை வல்டெத்தேக்கு.
கால்கள் எனக்கு.
ஒரு பொம்மைக்கு மூன்று பேர்
என்று முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார்கள்.

பொம்மைக்குப் பெயர் வைக்கவில்லை.
வைத்தால் அது இபார் ஆற்றின்
ஏதோ ஒரு கரையில் பிறந்ததாகிவிடும்.
கோட்டுத் துணிக்கே இரண்டு வாரம் சண்டை.
பழுப்பு வேண்டாம், சாம்பல் வேண்டவே வேண்டாம்.
கடைசியில் ஜன்னல் திரையை வெட்டினோம்.
பூப்போட்ட கோட்டில் மித்ரோவித்சாவில்
வேறு யாரும் நடமாடி நான் பார்த்ததில்லை.

முதல் காட்சியில் அது
தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.
கோப்பையைத் தூக்குவது அவள் கை,
குனிவது அவன் தலை.
பதினோரு நாள்
தண்ணீர் கோட்டுக்குள் போனது.
"சொல்லிவிட்டுத் தூக்கக் கூடாதா?" அவன், தன் மொழியில்.
"பார்த்துக் குனியக் கூடாதா?" அவள், தன் மொழியில்.
எனக்கு இரண்டும் புரியும்.
எங்கள் மஹல்லாவில் பிறந்தவனுக்கு
நாலு மொழியில் திட்டு வாங்கத் தெரியும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கால்களுக்கு வசனம் கிடையாது.

பன்னிரண்டாம் நாள் மின்சாரம் போனது.
இருட்டில், சும்மா, விளையாட்டாகத் தூக்கினாள்.
கண்ணுக்கு வேலை இல்லாததால்
அவள் மூச்சைக் கேட்டிருக்கிறான்.
மர உதட்டில் கோப்பை
டொக் என்றது.

அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள்,
பொம்மையின் கழுத்தைப் பார்த்தபடி.
"உன் அண்ணன் எப்போது?"
"ஏப்ரல். தொண்ணூற்றொன்பது."
"என் அப்பா ஜூன்."
தலையாட்டியது பொம்மை.
அவன் தலை அசையவில்லை.

கடைசிக் காட்சி பாலம்.
இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டது,
நடுவில் ஒரு விரல் இடைவெளி.
தலை முன்னால் சாய்ந்தது. இடக்கை வீசியது.
நான் நகரவில்லை.
குதிகால் இரண்டையும்
பலகையில் அழுத்திப் பிடித்திருந்தேன்.
"நெஜிப், நட" என்றான்.
"நட" என்றாள்.
இருவரும் ஒரே பக்கம் பார்த்தது அன்றுதான்:
கீழே.

காலைப் பிடிப்பது எனக்குப் புதிதல்ல.
மருந்துக்கு, முத்திரைக்கு, கூரைத் தகரத்துக்கு
இரு கரையிலும் பிடித்திருக்கிறேன்.
பிடித்த கால் எதுவும்
எனக்காக நின்றதில்லை.
இது நின்றது.

"எங்கள் தெரு எரிந்தபோது" என்றேன்,
"எங்கே இருந்து பார்த்தீர்கள்?"

பொம்மையின் எடை முழுதும்
என் மணிக்கட்டில் இறங்கியது.
காட்சியில் இது இல்லையே என்றாள் இயக்குநர்.
வெளியே ஏதோ ஒரு லாரி
பின்னால் வந்துகொண்டே இருந்தது, பீப் பீப் என்று.
"தெருமுனையில்" என்றாள் வல்டெத்தே.
"ஒரு தையல் இயந்திரத்தை
யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஆள்தான்."

மியோட்ராக் வெகுநேரம் கழித்துச் சொன்னான்:
"ஆறாவது மாடி. பால்கனி.
நாற்காலி போட்டு."

சொல்லும்போது
பொம்மையின் தலையைத் திருப்ப
மறந்துவிட்டான்.