மிச்சம் முந்நூற்று இருபது

நுவரெலியாவில் ஏறிய இருவர், கம்பளைக்கு.
அவள்தான் காசு தந்தாள், ஆயிரம் ரூபாய்த் தாள்.
என்னிடம் சில்லறை இல்லை.
டிக்கட்டின் முதுகில் 320 என்று கிறுக்கிக் கொடுத்தேன்.
இறங்குமுன் கொடுத்துவிடுவேன். கொண்டக்டர்மார் வழக்கம் அது.

லபுக்கலை தாண்டும்வரை பேசிக்கொண்டு வந்தார்கள்,
பிறகு பல்லுக்குள்.
'அடகுச் சீட்டு' என்ற ஒரு சொல் மட்டும்
தப்பி என் காதுக்கு வந்தது.
மீதியை எஞ்சின் தின்றது.

முதல் முடக்குக்கு மேலே, பீலி ஒழுகும் இடத்தில்
எழுந்து, "இறக்கம்" என்றாள்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை:
பஸ்ஸை நிறுத்தச் சொல்வதும் அதுதான்,
பஸ் போய்க்கொண்டிருப்பதும் அதில்தான்.

யன்னலோரத்து ஆள் எழும்பவில்லை.
முழங்காலை மட்டும் ஒதுக்கி வழிவிட்டார்,
யாரோ ஒரு பயணிக்கு விடுவதுபோல.

மலையில் கோபித்துக்கொண்டு பிரிவது லேசில்லை.
தரை ஊரென்றால் இறங்கியவர்
இரண்டு நிமிஷத்தில் புள்ளியாகிவிடுவார்.
இங்கே ரோடு
போகிறேன் போகிறேன் என்று போய்
எதையோ மறந்துவைத்தவன்போலத் திரும்பி
புறப்பட்ட இடத்துக்கு நேர் கீழே வந்து நிற்கும்.

பூ விற்கும் பொடியன்கள் ஓடியோடி
வழுக்கலாக்கிய குறுக்கில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இரண்டாம் முடக்கில் எங்களுக்கு முன்னால் ரோட்டைக் கடந்தாள்.
அருவி இடது யன்னலிலிருந்து வலது யன்னலுக்கு மாறியிருந்தது.
அவருடைய தலையும் மாறியது.
மிதிபலகையில் தொங்கி, "மிச்சம்! மிச்சக் காசு!" என்று நீட்டினேன்.
முன்னால் எண்ணெய் பௌசர், பின்னால் வேன்,
நிறுத்த முடியாது.
கையை அசைத்தாள்.
வேண்டாம் என்றா, அவரிடம் கொடு என்றா?
இரண்டுக்கும் ஒரே கையசைப்புத்தான் போலிருக்கிறது.

"பொண்ணு முந்திரும்" என்றார் லீக்ஸ் மூட்டைக்காரர்.

மூன்றாம் முடக்கில்
மதகுக் கட்டில் உட்கார்ந்து
கணுக்காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்து பார்த்தாள். என்னையில்லை,
மூன்றாவது யன்னலை.
அந்த யன்னல்
தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டது.

நான்காம் முடக்கில் அவள் இல்லை.
குறுக்கு வந்து விழுகிற வாயில்
மானாப்புல் மட்டும் ஆடியது.
எல்லோரும் அங்கேயே பார்த்தோம்.
அப்போதுதான் எழும்பினார்.
இறக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை,
மணியை அடித்தார், மூன்று தரம்,
பிறகு இன்னொரு தரம்.
சப்பாத்தோடு, தேயிலைத் தூரைப் பிடித்துப் பிடித்து
குறுக்கில் ஏறத் தொடங்கினார்.

கீழ்த் தட்டுக்கு வந்து தலையை வெளியே நீட்டினேன்.
வந்த வழியெல்லாம் மேலே
தச்சனின் மடக்குக் கோல்போல மடித்துக் கிடந்தது.
அதோ அவர், பச்சைக்குள் நேராக ஏறுகிறார்.
அவளோ குறுக்கை விட்டுவிட்டாள்.
அட்டையோ, கால் நோவோ,
செருப்பைப் போட்டுக்கொண்டு
ரோட்டு வழியாகவே சுற்றி வருகிறாள், ஆறுதலாக.

தேடிப் போகிறவர் அவளைத் தாண்டி
மேலே போய்விடப் போகிறார்.

"ஐயோ" என்றேன்.
ஜயலத் அண்ணனுக்குத் தமிழ் அவ்வளவு வராது.
கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார்,
ஹோர்னில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை.
ஒவ்வொரு தட்டும் அதை வாங்கி
அடுத்த தட்டுக்குக் கொடுத்தது.

இருவரும் நின்றார்கள்.
இருவரும் பார்த்தார்கள், பஸ்ஸை.
லீக்ஸ் மூட்டைக்காரர் யன்னலால் கை நீட்டி
அவருக்குக் கீழே காட்டினார், அவளுக்கு மேலே காட்டினார்.
பிறகு பஸ்ஸின் அந்தப் பக்கமெல்லாம் கை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு பிக்கு,
தூங்கி விழித்த ஒருவர் எதற்கென்று தெரியாமலே.

அதற்குள் பௌசர் நகர்ந்தது.
அடுத்த முடக்கு மலையை எடுத்துக்கொண்டது.

கம்பளையில் கணக்கு முடித்தபோது
முந்நூற்று இருபது ரூபாய் கூட.
தனியாக மடித்து, இறப்பர் போட்டு வைத்திருக்கிறேன்.
டிக்கட் அவளிடம்.
மற்றச் சீட்டு யாரிடமோ.