மூன்றாம் நாள் றீடிங்

பத்தொன்பது வருசம்
பாசையூர் தொடக்கம் கொழும்புத்துறை வரைக்கும்
வீடு வீடாய் மீற்றர் வாசித்தவன் நான்.
நாய்க்குப் பயந்து கேற்றுக்கு வெளியே நின்று
ஒரு மதிப்புக்கு எழுதிவிட்டு வந்ததும் உண்டு.
அடுத்த மாசம் எப்படியும் சரிக்கட்டிவிடும்.

இப்போது என் கட்டில் காலில்
ஒரு மட்டை தொங்குகிறது.
போய்வரும் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு கோடு.
இரத்தம் என்றால் கோட்டின் தலையில் புள்ளி.
புள்ளியில்லாத கோடு இன்னும் விழவில்லை.

முதல் நாள் பதினான்கு.
அடுத்த நாள் பதினொன்று.
ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
ஸ்ரெரொயிட் ஏறுகிறது.
நாக்கில் துருப்பிடித்த ஆணி.

டொக்டர் தர்மிகா கதிரையை இழுத்துப்போட்டு
ஒளிக்காமல் சொன்னா:
"மூன்றாம் நாள் பாப்பம்.
எட்டுக்கு மேலை போனால்,
எட்டுக்குள்ளை நிண்டாலும்
இரத்தத்திலை சீஆர்பி நாற்பத்தைஞ்சைத் தாண்டினால்,
நூறு பேரிலை எண்பத்தைஞ்சு பேருக்குப்
பெருங்குடலை எடுக்கவேண்டி வந்திருக்கு."

மிச்சப் பதினைந்து பேரும் ஆர்?
எந்த ஊர், என்ன உத்தியோகம்?
வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

மூன்றாம் நாள்.
விடிய முதல் மூன்று.
பெரியகோயில் மணியோடு நாலு.
பாண் தொண்டையில் இருக்கவே ஐந்து.
மத்தியானத்துக்கிடையில் எட்டு.
ஒன்பதாம் தரம்
சேலைன் கம்பியைத் தூக்கிப் பிடித்து
செருப்பில்லாமல் போய்வந்தேன்.
பக்கத்துக் கட்டில் மரியாம்பிள்ளை
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
மட்டையை நான் தொடவில்லை.

பத்தாவதுக்கும்.

பின்னேரம் மெற்றில்டா கஞ்சியோடு வந்தாள்.
மட்டையைப் பார்த்தாள்.
மரியாம்பிள்ளையைப் பார்த்தாள்.
அந்தாள் போர்வைக்கு வெளியே
இரண்டு விரலை நீட்டி வைத்திருந்தது.
என்ரை பேனையை எடுத்து
இரண்டு கோடு, இரண்டு புள்ளி.
"ஆளில்லா வீட்டு றீடிங்கோ இது?"
அவ்வளவுதான். பிறகு கஞ்சியை ஆற்றினாள்.

சீஆர்பி அறுபத்திரண்டு.

"இன்னொரு மருந்து ஏத்திப் பாப்பம்.
ஆனால் சத்திரசிகிச்சைக்காரர்
இண்டைக்கே வந்து பாக்கட்டும்" என்றா.
வந்தவர் கத்தி கொண்டுவரவில்லை.
ஊதா நிற மாக்கர் பேனை ஒன்று.
"எழும்பி இருங்கோ. குனியுங்கோ.
சாரம் எந்த மட்டத்திலை கட்டுறனீங்கள்?"
மடிப்பு விழாத இடம் பார்த்து
தொப்புளுக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே
ஒரு வட்டம்.
"வெட்டுறதெண்டு இன்னும் இல்லை.
வெட்டினால் பை எங்கை எண்டு
முதலே தெரிஞ்சிருக்க வேணும்."

சரிதான். கம்பம் நட முதல்
நாங்களும் நிலத்தில் சுண்ணாம்பு போடுவோம்.
போட்ட இடமெல்லாம் கம்பம் வந்ததில்லை.
இதை மெற்றில்டாவுக்குச் சொன்னேன்.
அவள் வட்டத்தில் ஈரம் படாமல்
வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரவு பன்னிரண்டரைக்குப் பதினோராம் தரம்.
கக்கூசில் ஒற்றைக் குண்டு மின்னி மின்னி எரிந்தது.
குனிந்து பார்த்தேன்.
சிவப்பைக் காணவில்லை.
திரும்பவும் குனிந்தேன்.
இந்த வெளிச்சத்தில் எந்த மீற்றரையும்
நான் நம்பினதில்லை.

மட்டையில் கோட்டை மட்டும் போட்டேன்,
புள்ளிக்கு இடம் விட்டு.