நாலு துளை

சீனன்குடா ஏலத்தில் நான் கேட்டுப் போனது
தண்ணீர்த் தாங்கி.
அது கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட
மிஞ்சிக் கிடந்தது இந்தப் பெட்டி:
இரண்டு சில்லு, நீட்டிய கழுத்து,
கழுத்து நுனியில் என் மணிக்கட்டுத் தடிப்பில் இரும்பு வளையம்.
உள்ளே ஒரு சாண் மண்.
மண்ணில் ஒரு பப்பாசிக் கன்று,
எந்தச் சிப்பாயோ மத்தியானம் தின்று துப்பிய விதை.

கன்றைக் கிளப்பி வேலியோரம் வைக்கப் போனால்
வேர் தகரத்துக்கு வெளியே தொங்கியது.
அப்படித்தான் கண்டேன் அந்தத் துளையை,
பிறகு மற்ற மூன்றையும்.

வாடகைக் கதிரை நூற்றியிருபது எங்களிடம்.
சாமத்திய வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் அதே நீலக் கதிரை.
லொறிக்காரன் கேட்கும் காசில்
பாதி வாடகை கரைந்துவிடும்.
மச்சாள் ஞானசோதிக்கு லேண்ட்மாஸ்டர் ஓட்டத் தெரியும்.
பின்னால் இழுக்கத்தான் ஒன்றுமில்லை.

அலஸ்தோட்டத்துக் கராச்சில் நஸ்வர்
படுத்துக்கொண்டு பார்த்தான், எழும்பி நின்று பார்த்தான்.
"சேசிஸ் உங்களையும் என்னையும் புதைச்சிட்டுத்தான் சாகும்.
மற்றதெல்லாம் துரு."

வலச் சில்லு ஒரு மணித்தியாலத்தில் கழன்றது.
இடச் சில்லு அசையவில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றினோம், நெருப்புக் காட்டினோம்,
சாவிக்குக் குழாய் மாட்டி
அதில் ஏறி நின்று குதித்தாள் மச்சாள்.
ஒரு போல்ட் முறிந்தது. நஸ்வர் வாய்க்குள் ஏதோ சொன்னான்.
அஸர் தொழுதுவிட்டு வந்தவன்
ஒன்றும் பேசாமல்
இறுக்குகிற பக்கமாய்த் திருகினான்.
கறக்கென்று கழன்றது.
இடப்பக்கத்துக்கு மரை எதிர்ச்சுற்றாம்,
ஓடும்போது தானாய்க் கழராதிருக்க.
அரை நாளாய் அதை
இன்னும் இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

சுரண்டினால் பச்சை. பச்சைக்குக் கீழ் மண்ணிறம்.
அதற்குக் கீழ் சாம்பல்,
சாம்பலில் ஓர் இலக்கம், ஒன்றோ ஏழோ.
அதற்குமேல் நான் சுரண்டவில்லை. கை வலித்தது.

திரும்பப் பச்சை அடித்தால் பொலிஸ் மறிக்கும் என்றார்கள்.
திருக்கடலூரில் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சியதென்று
மச்சாளின் தம்பி தந்தது
அரை வாளி செம்மஞ்சள், கால் வாளி ஊதா.
காயமுதல் ஒரு மான் வந்து உரசி
விலாவில் செம்மஞ்சளோடு
கோட்டைப் பக்கம் போனது.

அந்த நாலு துளை.
சன்னம் பாய்ந்ததென்று
பார்க்க வந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.
எந்தப் பக்கமிருந்து என்று ஒருவர் கேட்க
அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.
"அடைச்சு விடு தம்பி, பார்க்க ஒரு மாதிரிக் கிடக்கு."
நஸ்வர் முகக்கண்ணாடியைத் தூக்கினான்.
"நாலு மூலைக்கும் நாலு, ஒரே அளவு.
எந்தச் சன்னம் அக்கா இப்பிடி அளந்து பாயும்?
தண்ணி வடிய விட்ட ஓட்டை."

வளையத்தை அறுத்துக் கொழுக்கி ஒட்டினான்.
வளையம் இப்போது எங்கள் படலைக்கு முட்டு.

முதற் சவாரி சாம்பல்தீவுக்கு, ஒரு அந்தியேட்டி வீடு.
உப்புவெளி தாண்டக் காவலில் நின்ற பெடியன்
நிறத்தைப் பார்த்துச் சிரித்தான்.
பிறகு குனிந்து அச்சைப் பார்த்தான்.
"அபே எகக் நேத?"
எங்களுடையதல்லோ என்கிறான்.
"இஸ்ஸர," என்றாள் மச்சாள். முந்தி.
கிளச்சை விட்டாள்.

பாலத்தடியில் மழை பிடித்தது.
படங்கு வாங்கக் காசு மிஞ்சியிருக்கவில்லை.
கதிரைகளுக்கு மேல் இன்னொரு கதிரை போல் நான்.

இறங்கினால் வாசலில்
எந்தப் பக்கமிருந்து என்று கேட்ட அதே மனிதர்.
குனிந்து,
வடிகிற துளைக்குக் கீழே கையை ஏந்தினார்.
தண்ணி வடியத்தான் அண்ணை, என்றேன்.
தெரியும், என்றார்.
முதற் கதிரையை இறக்கினார்.