இடது குழாயின் மூச்சு

"யஸார் நஃபஸ் மாஃபி" என்றார் சையித் மஹ்ஃபூத்.
இடதுக்கு மூச்சில்லை.
சல்மாபாத், ஜூலை, காலை ஆறரை.
ஷட்டரைத் தூக்குமுன்பே சட்டை நனைந்துவிட்டது.

எழுபத்தெட்டு மாடல். நானூறு சிசி.
இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர்.
ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.
பின்னால் குந்தி உள்ளங்கைகளை நீட்டினேன்,
முப்பத்தாறு டிகிரியில்
குளிர்காய்கிறவன் மாதிரி.
வலக்கையில் தள்ளல்.
இடக்கையில்
தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்தாற்போல்
இருக்கிறதா இல்லையா என்று ஒன்று.

டிஷ்யூ பிடித்துப் பார்த்தேன்.
வலப்பக்கம் பறந்துபோய் மொதாஹரின் டீயில் விழுந்தது.
இடப்பக்கம் ஒருமுறை தலையாட்டிவிட்டு நின்றது.

நோயாளி இடது.
அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிளக்கைக் கழற்றினேன்: பிஸ்கட் நிறம்.
வலதும் அதே பாக்கெட் பிஸ்கட்.
கம்ப்ரஷன் நூற்றைம்பது, நூற்றைம்பத்திரண்டு.
கார்புரேட்டரைப் பிரித்து
ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
ஊசித்துளை வழியே எதிர்க்கடை டயர் போர்டைப் படித்தேன்.
மறுநாள் சூடு பார்க்கும் துப்பாக்கி.
எஞ்சினை விட்டு இறங்கும் இடத்தில்
இரண்டு குழாய்க்கும் ஒரே சூடு.
ஒரே சூடு என்றால் ஒரே எரிப்பு.
ஒரே எரிப்பு என்றால்
உள்ளே யாரும் யாருக்கும் குறைச்சல் இல்லை.

மொதாஹர் சொன்னான்:
இடது சைலன்சருக்குள் ஏதோ அடைத்திருக்கிறது.
குளவிக்கூடு. துணி. பூனை.
"பூனையா?"
"சின்னப் பூனை."

கம்பி விட்டேன். ஒரு சாணில் தட்டி நின்றது,
தடுப்புத் தகட்டில். நிற்க வேண்டிய இடம்தான்.
இருந்தாலும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு,
கட்டையால் தட்டி, கொஞ்சம் கரி எடுத்து, மாட்டினேன்.
அதே மூச்சு.

சையித் மஹ்ஃபூத் தினமும் வந்தார்.
ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் போனார்.
கேட்டிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் மதியம் வண்டிக்கடியில் படுத்திருந்தேன்.
வேலைக்காக அல்ல. சிமெண்ட் தரை குளிர்ச்சி.
எஞ்சின் வயிற்றுக்குக் கீழே
அந்தத் தகரப் பெட்டி.
எத்தனை தடவை துடைத்திருப்பேன் அதை.
இரண்டு குழாயும் அதற்குள் போய்க் கலந்து
பிறகுதான் பிரிந்து பின்னால் போகின்றன.
கலந்த பின் இடப்புகை ஏது, வலப்புகை ஏது.
எந்த வாசல் அகலமோ அந்த வாசல்.

எழுந்தேன்.
மூன்று நாளாய்த் தொடாத குழாய்க்குள்
அதே கம்பியை விட்டேன்.
ஒரு சாண். ஒரு முழம்.
என் விரல் குழாய்வாயில் இடிக்கும்வரை
எங்கும் தட்டவில்லை.
கழற்றிச் சரித்ததும்
உப்புக்காற்று தின்ற தகடு
நொறுங்கிய அப்பளமாய்
ஒரு கைப்பிடி கொட்டியது.

மறுபடி மாட்டி, ஸ்டார்ட் செய்து,
ஈரச்சாக்கை மடித்து வலது வாயை
இரண்டு நொடி பொத்தினேன்.
இடது, டபடபவென்று,
டிஷ்யூவைத் தெருவுக்கே அனுப்பியது.
மொதாஹர் டீயை முன்கூட்டியே மூடியிருந்தான்.

"யஸார் தமாம்" என்றேன். "யமீன் கர்பான்."
அவர் வலது குழாயைத் தடவினார்.
அந்தப் பக்கச் சத்தம்தான் தனக்குப் பிடிக்கும் என்றார்.
அந்தப் பக்கமே காதைச் சாய்த்து ஓட்டுவாராம்.
புதுத் தகடு போட்டால் அது போய்விடுமா?
போய்விடும் என்றேன்.
யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

இரவு கேம்ப்.
ஒரே டக்ட், இரண்டு அறை.
மே மாதத்திலிருந்து எங்கள் துவாரத்தில் காற்றில்லை.
வாரம் ஒருமுறை எங்கள் ஃபில்டரைக் கழுவுகிறோம்.
கேஸ் நிரப்பிய வகையில் தலைக்கு ஆறு தினார்.
சட்டையைக்கூட மாற்றாமல்
பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன்.
திறந்தவன் குணாளன்.
தோளில் கம்பளி.

"என்னண்ணே?"
"ஒண்ணுமில்ல தம்பி,
உங்க ஏசி துவாரத்தக் கொஞ்சம் பாக்கணும்."

கையில் டிஷ்யூ இருந்தது.