பதினெட்டு சதவீதம்

மைனட்டில் அன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தேழு.
கடை மூட அரை மணி இருக்கையில்
ஷட்டரைத் தூக்கினேன்.
முதலில் பனி நுழைந்தது,
பின்னால் அந்தச் சாம்பல்நிற ஷெவர்லே.
கோரின் இறங்கினாள், கோட்டுக்கு அடியில் நர்ஸ் சீருடை.
"ஆயில் பதினெட்டு சதவீதம் என்கிறது" என்றாள்
காய்ச்சல் அளவு சொல்கிற குரலில்.

அடி நட்டைத் திருகினேன்.
கறுப்பாய்க் கொட்டும் என்று கையை விலக்கினால்
விழுகிறது தேன்.
தட்டின் அடி தெரிகிறது,
விரல் தெரிகிறது, விரலின் பழைய வெட்டு தெரிகிறது.
இருநூறு மைல்கூட ஓடாத எண்ணெய்.

கண்ணாடி மூலையில் உறைபனியைச் சுரண்டினேன்.
என் கையெழுத்தில் ஒட்டுச்சீட்டு: ஒன்பதாம் தேதி.

வென்டல் வந்தான் அன்று. அவள் கணவன்.
இவளுக்குப் பகல், அவனுக்கு இரவு, ஒரே மருத்துவமனை, ஒரே கார்.
காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும்
எஞ்சின் குளிர்ந்துவிடக் கூடாதென்று
ஓடவிட்டபடியே கைமாறும் வாசலில்.

அவனுக்கு மூவாயிரம் மைல் என்றால் மூவாயிரம் மைல்.
கோதுமை லாரி ஓட்டிய நாளின் கணக்கு.
"அந்தத் திரை எண்ணெயைத் தொட்டுப் பார்த்ததா?" என்பான்.

பார்க்கவில்லைதான்.
குளிரில் எத்தனை தரம் முக்கிக் கிளம்பியது,
எவ்வளவு சூடேறியது, எத்தனை சுற்று,
கூட்டிக் கழித்துச் சொல்கிறது, அவ்வளவே.
புது எண்ணெய் ஊற்றியதைக்கூட
யாராவது பொத்தானை அழுத்தினால்தான் அறியும்.
அன்று அழுத்த மறந்தவன் நான்.

அவன் நம்பும் மூவாயிரம் மட்டும் வேதமா?
சீட்டில் அதை அச்சடித்தவர் எங்கள் முதலாளி கேலன்.
காரின் கையேட்டில் அப்படி ஒரு வரி இல்லை.
தேடியிருக்கிறேன்.

கேலன் ஊரில் இல்லை.
நல்லவேளை, தட்டைக் காலையில்தான் கழுவியிருந்தேன்.
அதே எண்ணெயை வடிகட்டித் திரும்ப ஊற்றினேன்.

"காசு வேண்டாம். ஒன்பதாம் தேதியே
வென்டல் மாற்றிவிட்டுப் போனார்" என்றேன்.
"ஒன்பதா?
அன்று பகல் முழுக்கத் தூங்கினேன் என்றானே."

எண்ணெய் மாற்ற இருபது நிமிடம்.
மிச்சப் பகலைப் பற்றி என்னிடம் சீட்டு இல்லை.

அவள் கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.
நான் குனிந்து பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
மனதில் பத்து எண்ணும்வரை.
திரை ஒருமுறை கண் சிமிட்டி
நூறு என்றது.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ இருக்கும்.
நான் சொல்லவில்லை.
அவள் சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டு,
எஞ்சினை ஓடவிட்டபடி,
வெகுநேரம் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள்.