நாலாவது குழுவின் சார்ட்

தலைப்பு நான் கொடுத்ததுதான்:
'நம்மைச் சுற்றிச் சமமில்லாதவை. எண்ணி எழுதுக.'
எண்ணச் சொன்னால்
தெருவுக்குப் போவார்கள் என்றிருந்தேன்.

போனார்கள்.
வியாசர்பாடியில் எங்கள் பக்கம்
லாரித் தண்ணீர் வீட்டுக்கு எட்டுக் குடம்.
பாலம் தாண்டி, அடுக்குமாடியில்
ஒரு காரைக் கழுவப் பதினாலு வாளி.
வாட்ச்மேன் விரட்டும்வரை நின்று
எண்ணியிருக்கிறான் சாதிக்.
கைதட்டினோம்.

மழை விட்டும் சுரங்கப்பாலம் வடியாத நாட்கள், இரண்டாவது குழு.
மூன்றாவது, மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு மிஞ்சும் இடம்:
சுவரோரம் மூன்றடி.
ஸ்கேல் வைத்தே அளந்திருந்தார்கள்.
அதற்கும் தட்டினோம்.

நாலாவது குழு சார்ட்டைச் சுருட்டியே வைத்திருந்தது.
"இது வேணாம் மிஸ்" என்றாள் லோகிதா.
ரப்பர் பேண்டை உருவியது பிளெஸ்ஸி.

பதினேழு வேலை நாள்.
யாரை, எதற்குக் கூப்பிட்டேன்.

பலகையில் தேதி எழுத
லோகிதா, லோகிதா, ரித்தீஷ், லோகிதா.
அதிகாரி வந்த அன்று பூங்கொத்து லோகிதா.
ஹெச்.எம். அறைக்கு ரெஜிஸ்டர், எப்போதும் ரித்தீஷ்.
பெருக்க
பிளெஸ்ஸி, தேசப்பன், பிளெஸ்ஸி, பிளெஸ்ஸி.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாந்தியெடுத்த இடத்தில்
மண் போட, பிளெஸ்ஸி.
ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில்:
பெருக்கச் சொல்லும்போது மட்டும் 'கண்ணு' என்பார்கள். ஒன்பது தடவை.

வேலை சுத்தமாகச் செய்வாள் என்றுதான் கூப்பிட்டேன்,
சத்தியமாக.
அவள் அம்மா மாநகராட்சிக் குப்பை வண்டியில்,
தேசப்பனின் அப்பாவும்.
அதைச் சார்ட்டில் எழுதவில்லை.
எனக்குத் தெரியும் என்பது
அவர்களுக்குத் தெரியும்.

'முடிவுரை' என்று தலைப்பிட்டு
கீழே வெறும் கோடுகள்.
"டைம் பத்தலை மிஸ்."

பத்துக்கு எத்தனை?
பத்து போட்டால் லஞ்சம்.
ஒன்பது போட்டால், அந்த ஒன்று எங்கே போயிற்று என்று
நானே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மணி அடித்தது.
தரையெல்லாம் ஸ்கெட்ச் மூடி, வெட்டிய காகிதம், பசை டப்பா.
வழக்கம்போல வாயைத் திறந்தேன்.
ஒரு பெயரும் வரவில்லை.

முப்பத்தாறு பேரும் பைகளை மாட்டாமல்
என்னையே பார்க்கிறார்கள்.
பிளெஸ்ஸியின் கையில் பச்சை ஸ்கெட்ச், மூடி திறந்தபடி.
பதினெட்டாவது நாளுக்கும்
ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.