இறக்கம்

“ஏத்தத்துல நடக்குறா டாக்டரம்மா,
எறக்கம்னா நின்னுக்கிறா.”
பூம்பாறையில் சமதளம் ஏது?
பூண்டு வயல் படிபடியாய் இறங்கி
ஓடையில்தான் போய் முடியும்.
குழந்தைவேலு சொன்ன அந்த ஒரு வரியில்
நோய் பாதி தெரிந்துவிட்டது.
மீதியைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

இறங்கும்போது வயிற்றின் பாரமெல்லாம்
முன்னால் சரிந்து நெஞ்சை அழுத்தும்.
நடுவே இருப்பது உதரவிதானம்,
ஈரத்துணியின் கனம்.
இந்தப் பக்கம் தேன்கூடுபோல் அறை போட்ட இரைப்பை.
அந்தப் பக்கம், நாலு விரல் தள்ளி, இதயம்.
மாடு முதலில் விழுங்கும், பிறகுதான் மெல்லும்.
விழுங்கியதில் இரும்பு இருந்தால்
அது அசைக்குத் திரும்பி வராது.

நாலாம் விலா, ஐந்தாம் விலா.
முழங்கையை அவளே அகட்டித்தான் வைத்திருந்தாள்,
அக்குளில் கட்டி வந்தவள்போல.
குழலை வைத்தேன்.
லப் இல்லை, டப் இல்லை.
பால்கேனில் பாதி தண்ணீர் விட்டு
ஜீப்பில் ஏற்றினால் வருமே, அந்தச் சத்தம்.
நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு.
கழுத்துச் சிரை கட்டைவிரல் மொத்தம் புடைத்து
தாடைவரை ஏறி ஏறித் துடித்தது.
உள்ளே போக இடமில்லாமல்
ரத்தம் வாசலில் நின்றது.
அலைதாடியில் விரல் அழுத்தினேன்.
குழி விழுந்து, அப்படியே இருந்தது.

“ஏதாவது எழுதுங்க” என்றாள் பொன்னுருவி.
எழுதினேன்.
மூன்றாம் நாள் விடியலில் போன் வந்தது.

காப்பீட்டுக்கு அறுத்துப் பார்த்தாக வேண்டும்.
யூகலிப்டஸ் மரத்தடியில், பனி விலகுமுன்,
காதுவில்லை தெரிய ஒரு போட்டோ.
பிறகு கத்தி.
பதிமூன்று விலா.
நுரையீரல் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும்.
மூச்சுக்குழல் இரண்டாய்ப் பிரிவதற்கு முன்னாலேயே
வலப்பக்கம் ஒரு கிளை தனியாய்த் திரும்பிவிடும்,
பஸ் ஸ்டாப் வரும்வரை பொறுக்காமல்
வீட்டுக்குக் குறுக்குவழி பிடிப்பவர்களைப்போல.
எல்லா மாட்டுக்கும் அப்படித்தான்.
அவளுக்கும் அப்படித்தான்.

இதய உறை தோல்செருப்பாய்த் தடித்திருந்தது.
கீறியதும் புளித்த மோர்போல் ஒன்று வழிந்தது, நாற்றத்தோடு.
வெண்ணெய் தடவிய ரொட்டியைப்
பிரித்தாற்போல் என்பார்கள் கல்லூரியில்.
நான் பல வாரம் ரொட்டி தின்னவில்லை.

மாட்டின் இதயத்தில் எலும்பு உண்டு.
பெருந்தமனி கிளம்புமிடத்தில், சின்னதாய் இரண்டு.
பக்கத்தில் நின்ற பொன்னுருவியிடம்
அதைச் சொல்லியிருக்கக் கூடாது.
“எலும்பு இருந்துமா?” என்றாள்.

கம்பி: ஒன்பது சென்டிமீட்டர்.
கறுத்திருந்தது. முனை மழுங்கவில்லை.
மறுமுனையில் இரண்டு முறுக்கு, ஒரு மடிப்பு.

அந்த முறுக்கை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.
சித்திரையில் கோமாரித் தடுப்பூசி முகாம்.
பேனரை வேலிக்கல்லில் கட்டியது எங்கள் சகாயராஜ்.
கையில் கட்டுக்கம்பி, வாயில் பீடி.
முடிந்ததும் பேனரை மட்டும் அறுத்துச் சுருட்டிக்கொண்டோம்.
முப்பத்தொன்பது மாடு, நல்ல கூட்டம், மழைக்குமுன் மலை இறங்கணும்.

எல்லாரும்தான் இரண்டு முறுக்கு முறுக்குவார்கள்.
வேலி போடுகிறவன், பந்தல் போடுகிறவன்,
பூண்டு மூட்டையைக் கழுதையில் ஏற்றுகிறவன்.

படிவத்தில் ஒரே வரிதான் இடம்.
மரணக் காரணம்: இதய உறையில் அந்நியப் பொருள்.
‘அந்நிய’ என்று எழுதும்போது
பேனா கொஞ்சம் நின்றது.
நீளத்தைக் குறித்தேன். முறுக்கைக் குறிக்கவில்லை.

போகிற வழியில் அந்த வேலிக்கல்லைப் பார்த்தேன்.
நாலு மூலைக்கு நாலு கட்டு.
மூன்று இருந்தன.
அவிழ்த்துக் கோட்டுப் பையில் போட்டேன்.
விரலில் ஒன்று குத்தி, உடனே ரத்தம் வந்தது,
என்னுடையது ஒழுங்காய் ஓடுகிறது.

திரும்பவும் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.
கட்டுத்தறியில் கன்று, ஐந்து மாதம்.
“இதைக் கொஞ்சம் எறக்கத்துல ஓட்டிக் காட்டுங்க.”
குழந்தைவேலு ஏன் என்று கேட்கவில்லை.
கயிற்றை அவிழ்த்தார்.
அது வாலைத் தூக்கிக்கொண்டு
பூண்டுப் பாத்தியெல்லாம் மிதித்து ஓடியது.
யாரும் அதட்டவில்லை.